கரையில் காக்கப்படும் கடற்சட்டம்

கடலிலே வேலி கட்ட முடியாது. ஆயினும் 1983ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள நீர்ப்பரப்பைக் கட்டுமரத்துக்கும் நாட்டுப்படகுக்கும் ஒதுக்கி, விசைப்படகுகளை அதற்கு அப்பால் செல்லுமாறு பணித்தது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டை மீறியவனைக் கையும் களவுமாகப் பிடிப்பது எளிதன்று; ரோந்துப் படகின் வெளிச்சம் தூரத்தே தெரிந்த மாத்திரத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டு ஆழத்துக்கு விலகிவிட்டவன், சற்று முன்பு எங்கே மடி இழுத்தான் என்பதை நிரூபிப்பது மிகவும் பிரயாசையான காரியம்.

ஆகவே இச்சட்டத்தின் பெரும்பகுதி கரையிலேதான் அமலாகிறது. மீன்கள் சினைப்படும் பருவத்தை முன்னிட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விதிக்கப்படும் 61 நாள் தடைக்காலத்தில், சென்னைக் காசிமேட்டு விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வரிசையாய்க் கட்டப்பட்டிருப்பதே, சட்டம் நடக்கிறது என்பதற்குப் பிரத்தியட்ச அத்தாட்சி. 2000ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்த, மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையை 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும் அனுமதித்து, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவும் இதை உணர்ந்தே எழுதப்பட்டது போலும்: திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணிக்குப் புறப்பட்டு மாலை 6 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற அதன் நிபந்தனையைச் சரிபார்க்க, துறைமுக வாயிலில் கடிகாரத்தோடு நிற்கும் ஒரு சிப்பந்தி போதும்.

வலையின் கதையும் அவ்வாறே. இழுவலையில் மீன் வந்து தங்கும் கடைப்பகுதியின் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது விதி. சோதனையிடும் அதிகாரி ஈர வலையின் ஒரு கண்ணியைப் பிரித்துப் பிடித்து அளவுகோலை வைக்கிறார். அளவு சரியாயிருந்தாலும், பக்கத்துக் கூடையைக் கிளறிப் பார்ப்பதே விவேகம். உள்ளுக்குள் இன்னொரு சிறுகண்ணி வலையை வைத்து இழுத்திருந்தால், சங்காயம் எனப்படும் கழிவுமீனாகத் தனியே கொட்டப்பட்ட குவியலில், விரல் நீளங்கூட வளராத குஞ்சுகள் அதைச் சொல்லிவிடும்.

படகைக் கைப்பற்றவும், விசாரித்து அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அபராதம் கட்டியவன் மறுநாளும் அதே வலையை எடுப்பதற்குக் காரணம் அவனுடைய துணிச்சல் மட்டுமன்று. அந்தச் சங்காயத்தையும் கோழித் தீவனத்துக்கென்று எடை போட்டு வாங்கிக்கொள்ள லாரி வந்து காத்திருக்கிறது. வாங்குவோர் உள்ளவரை கண்ணி சிறுத்துக்கொண்டேதான் போகும்; ஆதலின் அளவுகோல் வலையோடு நின்றுவிடாமல், அந்த லாரியின் தராசுவரை செல்ல வேண்டும்.