காலடியில் குளிரும் மஸ்கடே

விருந்தாளிகளுக்கான கூடம் முன்பக்கம் இருக்கிறது. பூச்சாடி, துடைத்து அடுக்கிய கோப்பைகள் எல்லாம் அங்கேதான். நமக்குப் பின்கதவைத் திறந்துவிட்டார்கள்! வாருங்கள், தரையெல்லாம் ஈரம், காலைப் பார்த்து வையுங்கள். ரப்பர் குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. மூலையில் சேறு அப்பிய பூட்ஸ்கள். எங்கிருந்தோ ரேடியோ அலறுகிறது.

பிரான்ஸின் மேற்கே, நான்த் நகரத்துக்குத் தென்கிழக்கில் செவ்ர், மேன் ஆறுகள் ஓடும் திராட்சைச் சீமை இது. லுவார் நதி அட்லாண்டிக்கில் கலக்கும் இடம் தொலைவில் இல்லை. மஸ்கடே என்ற வெள்ளை ஒயினுக்கு இதுதான் தாய்வீடு.

உள்ளே நுழைந்ததும் என் கண் பீப்பாய்களைத்தான் தேடியது. ஒன்றுகூட இல்லை! உரிமையாளர் அம்மாள் சிரித்துக்கொண்டே காலால் தரையைத் தட்டினார். "அது மேலேதானே நிக்கிறீங்க!" ஆமாம், ஒயின் நம் காலடியில் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பழைய பாதாளத் தொட்டிகளைக் கான்கிரீட்டில் கட்டி, உள்ளே கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். பூமியின் குளிர்ச்சியே காவல். இரும்பு மூடியை அவர் முக்கி முனகித் தூக்க, டார்ச் அடித்து எட்டிப் பார்த்தேன். ரொட்டிக்குப் பிசைந்து பொங்கவிட்ட மாவின் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது.

அந்த வாசனை வருவது அடியில் படிந்திருக்கும் மண்டியிலிருந்து. நொதிக்க வைத்த ஈஸ்ட், வேலை முடிந்து செத்து அடியில் உட்கார்ந்துவிடும். மற்ற ஊர்களில் பெரும்பாலும் சீக்கிரமே தெளிவை இறுத்துவிடுவார்கள். இங்கே குளிர்காலம் முழுக்க ஒயினை அந்த மண்டியின் மேலேயே கிடத்துகிறார்கள். லேபிளில் 'சுர் லி' என்று போட்டிருந்தால் இந்த வளர்ப்புதான். மெலோன் த பூர்கோஞ் திராட்சை தனக்கென்று அதிகம் மணம் வீசாத, கூச்சக்காரப் பழம். 1709-ஆம் ஆண்டின் கொடும் உறைபனியில் இந்தச் சீமைக் கொடிகள் கருகிய பிறகு, குளிரைத் தாங்குமென்று நம்பி இதைப் பரவலாக நட்டார்கள். அந்தக் கூச்சத்தை மண்டிதான் போக்குகிறது. வழவழப்பைக் கொடுத்து, காற்று பட்டுக் கெடாமலும் காக்கிறது. தொட்டியிலிருந்து எடுத்த கலங்கல் ஒயினை அம்மாள் நீட்டினார். கடையில் யாரும் வாங்க மாட்டார்கள். எனக்கோ கோப்பையைக் கீழே வைக்க மனமில்லை!

முற்றத்துக்கு ஓடலாம், அங்கே அமர்க்களம். மார்ச் பிறந்தால்தான் 'சுர் லி' ஒயினைப் புட்டியில் அடைக்க விதி அனுமதிக்கும். புட்டி நிரப்பும் எந்திரத்தையே சுமந்துகொண்டு ஒரு லாரி வந்து நிற்கிறது. நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர், கல்லூரி விடுமுறைக்கு வந்த பையன் எல்லோரும் வரிசையில். புட்டிகள் கலகலவென்று நகர, சட்டையெல்லாம் வியர்வை. பையன் ஒரு நொடி அண்ணாந்து பறவையைப் பார்த்தான். நான்கு புட்டிகள் முட்டிக்கொண்டன. "பறவையா லேபிள் ஒட்டும்?" என்று அத்தை போட்ட சத்தத்தில் லாரிக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

மதியம் சமையலறை. மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, பனிக்கட்டி மேல் சிப்பிகளைக் கொட்டியிருக்கிறார்கள். தடித்த கையுறை மாட்டிய தாத்தா குட்டைக் கத்தியால் ஒவ்வொன்றாகத் திறக்கிறார். ஒரு சிப்பி, உடனே ஒரு வாய் மஸ்கடே. அப்பப்பா! எலுமிச்சை, பச்சை ஆப்பிள், பின்னாலேயே மெல்லிய உப்புக் கரிப்பு, நாக்கு நுனியில் ஊசி குத்துவது போன்ற குறுகுறுப்பு. மண்டியோடு இருந்தபோது தங்கிய கொஞ்சம் கரியமில வாயுதான் அந்தக் குறுகுறுப்பு. இனிப்பு அறவே கிடையாது. இதைத் தனியாக உறிஞ்சிவிட்டுச் சப்பென்று இருக்கிறது என்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. சிப்பியின் கடல்நீர் பட்ட பிறகல்லவா இது வாயைத் திறந்து பேசுகிறது!

நான் எலுமிச்சம்பழத்தைப் பிழியப் போனேன். "கீழே வைங்க! புளிப்பு ஒயினிலேயே இருக்கு" என்று தாத்தா அதட்டினார். மருமகளோ வினிகரில் நறுக்கிய சின்ன வெங்காயத்தைப் போட்ட கிண்ணத்தை என் பக்கம் நைசாகத் தள்ளிவிட்டார். வருஷக்கணக்கான சண்டையாம்.

அடுப்பில் 'பேர் பிளாங்' தயாராகிறது. இதே ஒயினில் வெங்காயமும் வினிகரும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடிக்கிறார் மருமகள். நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூடக் கை ஒழியவில்லை; நிறுத்தினால் திரிந்துவிடும். நான்த் அருகே கிளெமான்ஸ் லெஃபெவ்ர் என்ற சமையல்காரர் முட்டையின் மஞ்சள் கருவைப் போட மறந்ததால் பிறந்த சாஸ் என்று இங்கே கதை சொல்கிறார்கள். ஆற்றுமீன் மேல் ஊற்றியதும், வெண்ணெயின் கனத்தை மஸ்கடேயின் புளிப்பு வெட்டிவிடுகிறது. அடுத்த கவளத்துக்கு வாய் தயார்!

கடைசியில் தாத்தா தூசி படிந்த ஒரு புட்டியோடு வந்தார். கிலிசோன். 2011-இல் கோர்ஜ், லெ பாலே ஆகியவற்றோடு தனி அங்கீகாரம் பெற்ற ஊர்ப் பெயர். மண்டியோடு குறைந்தது இரண்டு ஆண்டுகள் கிடந்தால்தான் லேபிளில் அந்தப் பெயர். குறுகுறுப்பு அடங்கி, ஒயின் தடித்து, பருப்பு வறுத்த வாடை வந்திருந்தது. இதற்குச் சிப்பி போதாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்ல, முற்றத்துப் பையனைக் கூப்பிட்டுக் கோழி வறுவலைக் கொண்டுவரச் சொன்னார்கள். தட்டு வருவதற்குள் பாதிப் புட்டி காலி!