வந்தோருக்கு இடங்கொடுத்த கரையோரம்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களை நாம் நெல் விளையும் பூமியாக அறிவோம். இக்கரையோரத்தின் வரலாற்றில் ஊர் இழந்து வந்தோருக்கும் இடமுண்டு.

1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தபோது கரையோர வாணிபத்தில் முஸ்லிம்கள் முன்னின்றனர். வியாபாரப் போட்டியோடு மதப்பகையும் சேர்ந்துகொண்டது. 1626இல் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை அவர்கள் வெளியேற்றினர். கண்டி அரசன் செனரத் அம்மக்களை ஏற்று, ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். இன்றைய அம்பாறை மாவட்டம் 1961இல்தான் அப்பகுதியிலிருந்து பிரிந்தது.

1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை முற்றாக வெளியேற்றியபின் துன்பம் கத்தோலிக்கர் பக்கம் திரும்பியது. குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என அறிவித்தனர். 1687இல் ஜோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து இரகசியமாகவே பணிசெய்தார். பின்னர் அவருக்கும் புகலிடம் தந்தது பௌத்த அரசனின் கண்டி இராச்சியமே.

இங்கே ஒன்றைக் கவனிப்போம். ஒல்லாந்தரின் சீர்திருத்த சபையும் ஸ்கொத்லாந்தின் பிரெஸ்பிற்றேரியன் சபையும் கல்வினின் போதனை வழி வந்தவை. அதே காலத்தில் ஸ்கொத்லாந்துக் கிராமங்களில் பிரெஸ்பிற்றேரியர் வேட்டையாடப்பட்டனர். 1662இல் போதகர்கள் பலர் ஆலயங்களை இழந்தனர். மக்கள் மேய்ச்சல் நிலங்களிலும் குன்றுகளிலும் கூடி வழிபட்டனர். அவ்வாறு வெளியிற் கூட்டங்கூட்டிப் பிரசங்கிப்போருக்கு 1670இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஒரே போதனை அங்கே அடிவாங்கியது, இங்கே ஆட்சியோடு சேர்ந்து அடித்தது. ஆகவே கொடுமையை ஒரு மதத்தின் குணமென்று சொல்லலாகாது. ஆட்சியும் மதமும் ஒரே கையில் சேரும்போது எச்சபையும் அதற்குத் தப்பாது. இதைத் திருச்சபையினராகிய நாமும் மறைக்க வேண்டியதில்லை.

1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டு இக்கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஊர் விட்டு ஓடினர். 2004இல் கடலும் பல குடும்பங்களை அகற்றியது. வந்தவர்கள் எந்தச் சமயத்தவர் என்று கேட்குமுன், உழ நிலமும் விதைக்க நெல்லும் உண்டா என்று கேட்பதே இம்மண்ணின் வரலாறு நமக்குச் சொல்லும் பாடம். தாய்வழிக் குடிமுறை இன்றும் இங்கே தமிழர், முஸ்லிம் இரு சாராரிடமும் இருக்கிறது. அடுத்தடுத்து வாழ்ந்தோர் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றதற்கு அதுவே சாட்சி.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: காணி உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் பிரதியெடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். பத்திரம் தொலைந்திருந்தால் எல்லை தெரிந்த அயலவரின் சாட்சியத்தை எழுதி வாங்குங்கள். அந்த அயலவர் வேறு சமயத்தவராயினும் தயங்காதீர்கள். உங்கள் வரம்பை அறிந்தவர் அவரே.