கடன்பட்டுப் பெறும் பட்டம்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்குகிறவரும் சொத்தை உண்டா என்று புரட்டிப் பார்த்தே காசை எடுப்பார். அவரே மகனைக் கலாசாலையில் சேர்க்கும்போது, பெயர்ப்பலகையின் பெருமையில் மயங்கிக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டு விடுகிறார்!

ஆண்டுதோறும் தொடக்கத்தில் 1 லட்சம் வீதம் 4 ஆண்டுகள், நூற்றுக்குப் பத்து வட்டியில் வாங்கினால், படிப்பு முடிந்து ஓராண்டு கழிகையில் தனி வட்டி மட்டுமே 1,40,000 ரூபாய். மண்டிக் கணக்குப்பிள்ளை இதை விரல்விட்டே சொல்லிவிடுவார்.

ஆயின், கடனே ஆகாதென்பதன்று. மார்க்கெட்டுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள தூய வளனார் கல்லூரி 1844-இல் தோன்றியது. அப்துல் கலாம் அங்கே பௌதிகம் பயின்று 1954-இல் தேறினார். பின்னர் அவர் நாடியது 1949-இல் தோன்றி, பத்தாண்டும் நிறையாதிருந்த சென்னை எம்.ஐ.டி.யை. பழம் பெருமை அதற்கு ஏது? விமானப் பொறியியல் அங்கே கற்பித்தார்கள், அதுவே காரியம். சேர்வதற்குத் தேவைப்பட்ட ஏறக்குறைய 1,000 ரூபாய்க்காகத் தமக்கை ஜோஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

எனவே பெற்றோர் விசாரிக்க வேண்டியது, கலாசாலையின் வயதையன்று. அந்தக் குறிப்பிட்ட பிரிவில் சென்ற ஆண்டு தேறியவர்கள் என்ன வேலையில், என்ன சம்பளத்தில் அமர்ந்தார்கள் என்பதை. குடும்பத்தின் முதற் பட்டதாரியாயின், தமிழக அரசின் கட்டணச் சலுகை தம் பிள்ளைக்குக் கிட்டுமா என்பதையும் ஜாமீன் கையெழுத்துக்கு முன்பே கேட்டறியலாம்.