கண்டலும் கரையும்

மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரை பெரும்பாலும் சேற்றுக் கரையாகும். பேராக்கின் கோலா செபெத்தாங்கிலும் சிலாங்கூரின் கேரித் தீவிலும் ஆறுகள் கொணரும் வண்டலில் வேரூன்றி நிற்பவை, மலாய் மொழியில் பாக்காவ் எனப்படும் கண்டல் மரங்கள். நெய்தல் திணை கற்பிக்கும் ஆசிரியர்க்குக் கண்டல் புதிய பெயரன்று. மலையாளக் கரையில் வழங்கிய அப்பெயரையே தாவர நூலார் ஓரினத்திற்குக் கண்டேலியா எனச் சூட்டினர். அலையாத்தி என்பதும் இவ்வகை மரங்களைக் குறிக்கும் பெயரே. அலையாற்றி என்பது பேச்சில் அவ்வாறு மருவிற்று என்பர். அஃது உண்மையாயின் மரத்தின் தொழில் பெயரிலேயே அடங்கியுள்ளது.

பாக்காவின் தாங்கு வேர்கள் அடிமரத்தினின்று வில்போல் வளைந்து சேற்றிற் பதியும். ஆப்பி ஆப்பி மரமோ மூச்சு வேர்களை ஈட்டி முனைகள்போல் மேலே நீட்டும். இவற்றினூடே புகும் அலை சிதறி விசை இழக்கும். காற்றெழுப்பும் அலை 100 மீட்டர் அகலக் கண்டற்காட்டைக் கடக்கையில், அதன் உயரம் 13 முதல் 66 விழுக்காடு வரை குறையுமென அறிஞர் அளந்து கண்டுள்ளனர். ஓட்டம் தளர்ந்த நீர் வண்டலைக் கீழே விடுவதால் தரை சிறுகச் சிறுக உயரும். கற்சுவர் கட்டிய நாள்தொட்டுத் தேய்வது. கண்டற்காடோ வண்டல் வரத்துக் குன்றாதவரை கடலுடன் தானும் ஓரளவு உயரவல்லது. புவி வெப்பத்தால் கடல்மட்டம் ஏறிவரும் இந்நாளில் இவ்வேற்றுமை பெரிது.

எனினும் மிகைபடப் புகழ்தல் தகாது. 2004 டிசம்பர் 26-இல் வந்தது போன்ற ஆழிப்பேரலையை மரங்கள் முற்றும் தடுத்துவிடா. அப்பேரழிவுக்குப் பின், 2005 முதல் அரசு கரையோரங்களில் கன்று நடுவித்தது. அலை மோதும் வெற்றுச் சேற்றில் வெறுமனே நட்ட கன்று நிலைப்பதில்லை. கேரித் தீவில் பல்கலைக்கழக ஆய்வாளர் முதலில் தாழ்ந்த கல்லணையிட்டு அலையைத் தணித்து, வண்டல் படியச் செய்து, பிறகே கன்றூன்றினர்.

இனி, தோட்டங்களைத் தொடும் சிக்கலொன்று உண்டு. கேரித் தீவு போன்ற கரையோரத் தோட்டங்கள் மண்கரை எழுப்பி, மதகு வைத்து, நீர் வடித்துப் பெற்ற நிலங்கள். அங்கே தென்னையும் ரப்பரும், பின்னர்ச் செம்பனையும் வளர்த்தவருள் தமிழர் பலர். கடல் ஏறுங்கால் கண்டல் நிலத்தை நோக்கிப் பின்வாங்கியாக வேண்டும். பின்னே மண்கரை தடுக்கிறது. முன்னும் பின்னும் நெருக்குண்டு காடு சுருங்கினால், அலை நேரே மண்கரையை அறையும். கரை உடையின் முதலில் உப்புநீர் புகுவது பயிரிலும் தாழ்நிலக் குடியிருப்பிலுமே. ஆகவே இயலுமிடங்களில் மண்கரையைச் சற்று உள்ளே தள்ளி அமைத்துக் கண்டலுக்கு இடம் விடுதலே அறிவுடைமை. சில வரிசைச் செம்பனை போகும் என்று தயங்குவோர், கரை உடைந்தால் போவதையும் கணக்கிட வேண்டும்.

காத்தல் என்பது வேலியிட்டு மூடுதல் அன்று. பேராக்கின் மாத்தாங் கண்டற்காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புடையது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் முறைப்படி பேணப்பட்டு வருகிறது. பகுதி பகுதியாக 30 ஆண்டுக்கொருமுறை மரம் வெட்டிக் கரிச்சூளைக்கு அனுப்புகின்றனர். வெட்டிய இடத்தில் தானே முளையாவிடில் கன்று நடுகின்றனர். வெட்டும்போதும் ஆற்றோர மரங்களில் ஒரு பட்டையைத் தொடாது விட்டுவிடுவது அங்குள்ள வழக்கம்.