தேத்தண்ணி வடியில் ஒரு மண் சோதனை

பிள்ளைகளே, அடைமழை நாளில் தலவாக்கலைப் பக்கம் கொத்மலை ஓயாவைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் செங்கலங்கலாக ஓடும். அதில் கரைந்து போவது நம் மலைகளின் மேல்மண். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும்!

ஆனால் எல்லா மண்ணும் ஒன்றுபோலக் கரைவதில்லை. மழையைத் தாங்கும் மண் எது? நீங்களே சோதிக்கலாம்.

லயத்துத் தோட்டத்தில், மரத்தடியில் இலை மக்கிய இடத்திலிருந்து கோலிக்குண்டு அளவில் ஒரு மண்கட்டி எடுங்கள். புல்லே இல்லாத, மழை அரித்த மேட்டிலிருந்து இன்னொன்று. உரம் போட்ட, மருந்தடித்த இடங்கள் வேண்டாம். இரண்டையும் சில நாள் நிழலில் நன்றாகக் காயவையுங்கள்.

இரண்டு கண்ணாடிக் கிளாஸ்களின் வாயில் பழைய தேத்தண்ணி வடி ஒவ்வொன்றை வையுங்கள். வடியின் அடி நன்றாக மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, கட்டிகளை ஒரே நேரத்தில் மெல்ல இறக்குங்கள். பத்து நிமிடம் கையை வைக்காமல் கவனியுங்கள்.

முதலில் குமிழிகள் கிளம்பும். காய்ந்த கட்டியின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது. தண்ணீர் உள்ளே புக, அந்தக் காற்று நெருக்குண்டு கட்டியை உடைக்கப் பார்க்கும். அரித்த மண் பொலபொலவென்று உதிர்ந்து கிளாஸின் அடியில் சேறாகப் படியும். மக்கிய மண்ணோ பெரும்பாலும் கட்டியாகவே நிற்கும். பூஞ்சை இழைகளும் மெல்லிய வேர்களும் அதைப் பின்னிப் பிடிக்கின்றன. நுண்ணுயிர்களும் மண்புழுக்களும் விடும் பசை துகள்களை ஒட்டவைக்கிறது. இந்த உயிர்களுக்கெல்லாம் உணவு, மக்கும் இலைதான்.

அதனால்தான் கவ்வாத்து வெட்டிய இலையையும் மிலாறையும் மலையிலேயே பரப்பிவிடுவது நல்லது. பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யுமுன் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு மண்ணைத் தேற்றுவதும் இதற்காகவே. 1925இல் தொடங்கப்பட்டு, இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வேலைகளில் மண்ணைக் காப்பதும் ஒன்று.

சோதனை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இடம், நாள், கட்டி உடைய எடுத்த நேரம் மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள். பிறகு அந்த அரித்த மேட்டில் காய்ந்த இலைகளைத் தடிப்பாகப் பரப்பி, அடுத்த வருடம் அதே இடத்து மண்ணை மறுபடி சோதியுங்கள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மண் தேறுகிறதா என்று உங்களுக்கே தெரியும்.