சாடிச் செவ்வரத்தையின் இலை உதிர்வைத் தடுத்தல்

வயலில் நெல்லையும் தோட்டத்தில் மிளகாயையும் கத்தரியையும் செவ்வையாக விளைவிக்கும் கமக்காரர் பலர், தம் வீட்டு விறாந்தையிற் சாடியில் வைத்த செவ்வரத்தை இலை கொட்டி மொட்டையாய் நிற்கும்போது செய்வதறியாது திகைக்கின்றனர். இலை கொட்டியதும் எல்லோர் கையும் முதலில் நாடுவது தண்ணீர் வாளியையே. பெரும்பாலும் செடியைக் கொல்வதும் அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கமக்காரர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். வீட்டுத் தலைவி தண்டுத் துண்டுகளை நட்டு, விற்பனைக்கென வளர்த்த 30 செவ்வரத்தைச் சாடிகளை மாரி மழைக்கு அஞ்சி முற்றத்திலிருந்து விறாந்தைக்கு எடுத்து வைத்திருந்தார். “தம்பி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறேன், ஊற்ற ஊற்ற இலை கொட்டுகிறது” என்றார். நானோ இலைகள் மஞ்சளானதைக் கண்டு, பசளை குறைவென எண்ணி, யூரியா சிறிது இடச் சொன்னேன். இரு வாரங்களிற் பெரும்பாலான செடிகள் பட்டுப்போயின. சாடிகளைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர்கள் கறுத்து அழுகி நாற்றம் வீசின. முதல் நாளிலேயே ஒரு சாடியைக் கவிழ்த்துப் பார்த்திருப்பேனாயின் அவற்றுட் பல பிழைத்திருக்கும். அப்பிழை என்னுடையதே. அதனாலேயே இதனை எழுதுகின்றேன்.

இலை ஏன் உதிர்கின்றது?

செடிக்கு இடையூறு நேரும்போது இலைக்காம்பின் அடியில் நுண்ணிய கலங்களாலான மெல்லிய படையொன்று தளர்ந்து, இலையைச் செடியினின்றும் பிரித்து விடுகின்றது. தாங்கமுடியாத சுமையைச் செடி இவ்வாறு இறக்கி வைக்கின்றது. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒன்றிரண்டு மஞ்சளாகி விழுதல் இயல்பே. இளம் இலைகளும் அரும்புகளும் சேர்ந்து கொட்டினாலே கவலை கொள்ளல் வேண்டும்.

நெற்பயிர் நீரில் நிற்பதைக் கண்டு பழகிய நமக்கு, மிகுந்த நீர் தீங்காகும் என்பது எளிதிற் புலப்படுவதில்லை. நெல்லின் உடலில் இலையிலிருந்து வேர்வரை காற்றுச் செல்லும் குழாய்கள் உள. செவ்வரத்தைக்கு அத்தகைய அமைப்பு இல்லை. அதன் வேர் மண்ணிடைக் காற்றையே நம்பியுள்ளது. சாடியில் நீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சமாட்டாது. எனவே மண் ஈரமாயிருந்தும் செடி வாடும். அதனைத் தாகமென்று எண்ணி மேலும் ஊற்றுவது கேட்டினை விரைவாக்கும்.

செய்யவேண்டியவை

1. விரலை இரு கணு ஆழத்திற்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுமாயின் அன்று நீர் ஊற்றற்க. உலர்ந்திருந்தால், அடித்துளையால் நீர் வடியும்வரை ஊற்றுங்கள். சாடியின் கீழுள்ள தட்டில் நீர் நிற்க விடலாகாது.

2. வயற் களிமண்ணைச் சாடிக்கு இடாதீர். மேல்மண் 2 பங்கு, மக்கிய கூட்டெரு 1 பங்கு, மணல் 1 பங்கு கலந்து நிரப்புங்கள். அடித்துளை மண்ணால் அடைபடாதவாறு உடைந்த ஓட்டுத் துண்டை வைத்தல் நன்று.

3. வெயிலில் நின்ற செடியை ஒரே நாளில் நிழலுக்கு மாற்றற்க. 10 முதல் 14 நாள்வரை சிறிது சிறிதாக இடம் மாற்றிப் பழக்குங்கள். நிழலில் நிற்கும் செடிக்கு நீரும் குறைவாகவே போதும். நிலையான இடம், நாடோறும் 4 மணித்தியாலமாவது வெயில் படுவதாக இருத்தல் வேண்டும்.

4. இலை கொட்டும் செடிக்குப் பசளை இடற்க. நலிந்த வேரை அது மேலும் சுடும். புதுத் தளிர் கண்ட பின்னரே சிறிதளவு இடுங்கள்.

5. கோடையில் கிணற்று நீர் உவராகும் இடங்களில் இலையோரம் கருகி உதிர்வதுண்டு. அங்கே சேமித்த மழைநீரையோ நன்னீரையோ ஊற்றி, மண்ணிற் படிந்த உப்பு வடிந்தோடச் செய்யுங்கள்.

6. வேர் அழுகியிருப்பின் செடியை வெளியெடுத்து, கறுத்த வேர்களை வெட்டி நீக்கி, கிளைகளையும் அளவாகக் குறைத்துப் புதுமண்ணில் நடுங்கள். தளிர்க்கும்வரை மெல்லிய நிழலில் வையுங்கள்.

இலையின் கீழ்ப்பக்கத்தையும் பாருங்கள்

வறண்ட காற்று வீசும் காலத்தில் சிற்றுண்ணிகள் இலையின் கீழிருந்து சாற்றை உறிஞ்சும். இலைமேல் வெளிர்ப் புள்ளிகளும் கீழே நுண்ணிய வலையும் காணப்படும். கீழ்ப்பக்கம் நன்கு நனையுமாறு நீரை விசையாகத் தெளித்தால் அவை குறையும்.

வெண்பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியையோ அசட்டை செய்யலாகாது. 2008இல் இலங்கையிற் காணப்பட்ட பப்பாசி மாவுப்பூச்சி, பப்பாசியோடு நில்லாது செவ்வரத்தை, மரவள்ளி, கத்தரி முதலியவற்றிலும் பரவியது. விறாந்தையிலுள்ள சாடி தோட்டத்துப் பயிருக்குப் பீடையின் இருப்பிடமாகலாம். மாவுப்பூச்சி மொய்த்த கிளைகளை வெட்டி எரியுங்கள். எஞ்சியவற்றை ஈரத்துணியால் துடைத்து, ஒரு லீற்றர் நீரில் 5 மில்லிலீற்றர் மென்மையான திரவச் சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளியுங்கள். அவற்றின் இனிப்புக் கழிவை நாடிவரும் எறும்புகள் அவற்றைக் காத்துப் பேணுவதால், எறும்புகள் சாடியில் ஏறாது தடுங்கள். அப்பப்பாசி மாவுப்பூச்சியை அடக்குவதற்கென 2009இல் சிறு குளவியினம் ஒன்று வெளிநாட்டிலிருந்து தருவித்து விடப்பட்டது. கண்டபடி நஞ்சு தெளித்தால் அந்நண்பனும் மடியும். பூச்சி பிடித்த செடியினின்றும் தண்டு வெட்டி அயலவருக்குக் கொடாதீர்.

கமக்காரர்களே! நாற்று வாடினால் வேரைப் பிடுங்கிப் பார்ப்பது நீங்கள் அறிந்த வழக்கமே. அவ்வழக்கம் வீட்டுச் சாடிக்கும் பொருந்தும். இலை உதிருமாயின் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்; அடுத்து வேரைப் பாருங்கள்; பின் இலையின் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். வாளியையும் பசளையையும் அதன் பின்னரே எடுங்கள்.