உங்களுக்குத் தெரியுமா? கண்ணே காமிராவானால்...

கதாநாயகனின் கண்ணாகவே காமிரா நின்று கதை சொல்லும் உத்தியை, 1947-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் மான்ட்கோமரி ‘லேடி இன் தி லேக்’ என்னும் ஹாலிவுட் படத்தில் ஏறக்குறைய முழுவதும் கையாண்டு, கதை நிகழ்ச்சிகளில் நாயகன் முகத்தைக் கண்ணாடிப் பிரதிபிம்பமாக மாத்திரமே காட்டினார்.

அலைச்சறுக்கு வீரர்களை உத்தேசித்து நிக் உட்மன் 2004-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கோப்ரோ, மணிக்கட்டில் கட்டும் பிலிம் காமிராவாகப் பிறந்து, பின்னர் டிஜிட்டலாகித் தலைப்பட்டையிலும் ஏறியபோது, இரு கைகளுக்கும் விடுதலை தரும் அதன் சௌகரியம் இதே உத்தியில் வயதுவந்தோர்க்கான சிருங்காரப் படங்களை எடுப்போரையும் கவர்ந்தது.

ஆயினும், விசாலமான காட்சிக்கென அமைந்த அதன் லென்ஸ், ஒரு சாண் தூரத்து முகத்தில் மூக்கைப் பெருக்கிக் காதுகளைப் பின்னுக்குத் தள்ளும். சிறிய சென்சாரோ, மங்கிய அறையொளியில் பிம்பமெங்கும் புள்ளிகளைத் தூவும். ஆதலின் குறுகிய கோணமும் தாராளமான விளக்கொளியும் இங்கே அவசியமாகின்றன.